மின்னியின் ஐந்து குற்றங்கள்

"குற்றம் ஒன்று. இரண்டாம் அத்தியாயத்தில் மின்னி தன் வாளைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

குற்றம் இரண்டு. ஐந்தாம் அத்தியாயத்தில் படை முழுக்கக் காத்திருக்க, 'எனக்குத் தெரியவில்லை' என்று சொன்னாள்.

குற்றம் மூன்று. ஒன்பதில் அழுதாள். அதுவும் எதிரியின் ஒற்றன் பார்க்க.

குற்றம் நான்கு. பதினாலில், முதல் பாகத்தில் தானே துரத்திவிட்ட துரோகி நம்பனைத் தேடிப் போனாள்.

குற்றம் ஐந்து. கடைசி அத்தியாயத்தில் அந்தத் துரோகியின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள்."

படித்து முடித்துக் குப்புசாமி கண்ணாடியைக் கழற்றினார். நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் இருபது வருஷம் சங்கத் தலைவராக இருந்தவர். மைசூர் தமிழ் வாசகர் வட்டத்தில் அவர் எழுந்து நின்றால் பதினைந்து பேரும் அடங்கித்தான் கேட்பார்கள்.

'எரிகோட்டை' முதல் பாகத்தை அவர் மூன்று தடவை படித்திருந்தார். இளவட்டங்களுக்கான மாயாஜாலக் கதைதான். ஆனாலும் கோட்டைக் கதவைப் பிளந்து சனத்தை வெளியே கூட்டி வந்த மின்னியை அவருக்கு அப்படிப் பிடித்துப்போயிருந்தது. இரண்டாம் பாகம் வந்தது. மின்னி குழைந்துபோயிருந்தாள்.

"மூணாம் பாகம் போடலாமா வேண்டாமான்னு பதிப்பாளர் நம்மளைத்தான் கேட்டிருக்கார்," என்றார் செயலாளர் லக்ஷ்மம்மா. "எழுதின பொண்ணு அஷ்வினியும் வந்திருக்கா. அவ பேச்சையும் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? வேண்டாம்னு தீர்மானம் எழுதியாச்சு. கையெழுத்துப் போட வேண்டியதுதான்," என்றார் குப்புசாமி.

"சார், ஸ்வல்ப, கொஞ்சம் நிதானம்," என்றான் கல்லூரியில் படிக்கும் வேதாந்த். "எனக்கும் ரெண்டாம் பாகம் போரடிச்சுது. முதல் பாகத்துல மின்னி செம மாஸ். அதுக்காக எழுதறதையே நிறுத்தணுமா?"

"தலைவின்னா தலைவியா இருக்கோணும் தம்பி. துரோகி வாசப்படியில போயி நின்னா அப்புறம் எவன் மதிப்பான்?"

முன்வரிசையிலிருந்து அஷ்வினி எழுந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

"ஐயா சொன்ன அஞ்சும் உண்மை. தெரிஞ்சேதான் எழுதினேன். ஒண்ணு கேக்கலாமா? நீங்க யாரையாவது துரோகின்னு துரத்தியிருக்கீங்களா?"

"ஒருத்தன். தொண்ணூத்தெட்டு ஸ்ட்ரைக்குல. நாங்க எல்லாம் வெளிய, அவன் செவுரேறி உள்ள போனான். சாயங்காலம் மெயின் கேட் வழியா வந்தான். கருங்காலின்னு அங்கயே தள்ளி வெச்சோம். அதோட அவன் பேரை நான் வாயில எடுத்ததில்லீங் அம்மணி."

"எதுக்கு உள்ளே போனார்னு கேட்டீங்களா?"

"கருங்காலிகிட்ட என்னத்தக் கேக்கறது?"

"அவர் எங்கப்பா," என்றாள் அஷ்வினி.

லக்ஷ்மம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சின்ன வயசுல அப்பா எனக்குச் சொன்ன கதையெல்லாம் உங்களைப் பத்தித்தான். எட்டு மணி நேர வேலை, கான்டீன், வார லீவு, எல்லாம் குப்புசாமி அண்ணன் வாங்கிக் குடுத்ததுன்னு. அதை வெச்சுத்தான் மின்னியை எழுதினேன். துரோகி நம்பனை நானாச் சேர்த்தேன். முதல் பாகத்தைப் படிச்சுட்டு அப்பா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. அப்பத்தான் அம்மா விஷயத்தைச் சொன்னாங்க."

"என்ன விஷயம்?"

"பன்னெண்டு மணிச் சங்கு ஊதினதும் எல்லாரும் வெளியே வாங்கன்னு கூப்பிட்டீங்க. பாய்லர் ஆளுங்களும் போட்டது போட்டபடி வந்துட்டாங்க. உள்ளே நெருப்பு எரியுது. தண்ணி ஏத்த ஆள் இல்லை. தண்ணி வத்தினா பாய்லர் வெடிக்கும். உங்க பந்தல் எங்கே இருந்தது ஐயா?"

குப்புசாமிக்கு நன்றாக நினைவிருந்தது. பந்தல் பாய்லர் அறைச் சுவரை ஒட்டி இருந்தது. நிழலுக்காக அவரே காட்டிய இடம். இருநூறு பேர், பாதிப் பேர் பெண்டு பிள்ளைகளோடு. மத்தியானம் முதுகு சாய்க்க முடியாமல் சுட்ட சுவர், சாயங்காலம் ஆறிப்போயிருந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மணி."

"சொன்னா, நெருப்பை அணைக்காம ஆளுங்களைக் கூப்பிட்டது யாருன்னு கேள்வி வரும். உங்க மேல கேஸ் போடுவாங்க, சங்கம் உடைஞ்சிடும். அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார். மின்னி வளரணும்னா அவளுக்கு இது தெரிஞ்சாகணும்னு பட்டுது. அதான் ரெண்டாம் பாகம்."

"இப்ப எங்க இருக்காரு?"

"கீழே, ஸ்கூட்டர் பக்கத்துல. மேலே வாங்கன்னேன். 'என்னைப் பார்த்தா அண்ணன் எழுந்து போயிடுவார், அவர் பேசட்டும்'னுட்டார்."

குப்புசாமி தீர்மானத்தை எடுத்தார். 'வேண்டாம்' என்பதை அடித்து 'வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதினார்.

"எல்லாரும் வராண்டாவுக்கு வாங்க. சாட்சி வேணும்."

பதினைந்து பேரும் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றார்கள். கீழே, ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த நரைத்த தலை அண்ணாந்து பார்த்தது.

குப்புசாமி வாசித்தார்.

"தொண்ணூற்றெட்டு வேலைநிறுத்தத்தில் நெருப்பை அணைக்காமல் ஆட்களை வெளியே கூப்பிட்டவன் குப்புசாமி. உள்ளே போய் அணைத்து, இருநூறு பேரையும் காப்பாற்றி, சங்கத்தையும் காப்பாற்றியவர்..."

குரல் தெரு முழுக்கக் கேட்கும்படி உயர்ந்தது.

"தோழர் காளிதாஸ்."