துரை தேடிய மூன்று பேர்

"கிராணி ஐயா, ஒங்க வெளக்கால ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கய்யா! ஆறு மணிக்குக் கப்பல் கெளம்பிடும். சம்பான் படகுக்காரனும் வரமாட்டேங்கிறான்."

வாசலில் நின்று கெஞ்சினாள் பவுனம்மாள். அவள் தங்கைக்குக் காலையில்தான் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிரசவம். ஒரு வாரமாய் உயிருக்குப் போராடிப் பெற்ற பெண் குழந்தை. தகப்பன் அய்யாவு, கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவன். போனால் திரும்ப எட்டு மாதம். பெண்டாட்டி பிழைத்தாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் விளக்கை மினுக்கிக் கப்பல்களோடு பேசுவது கிராணி சிவசம்புவின் உத்தியோகம். வேலைக்கு அழைத்துப் போக வந்த பியூனை ஒரு பார்வை பார்த்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"அது துரையின்ர விளக்கு. வீட்டுக்கதை பேச ஏலாது."

போயே விட்டார்.

அவர் மனைவி நேசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் திரும்பியதும் பாயை வீசிப் போட்டாள்.

"உங்கட சட்டத்துக்கும் ஒரு தலையணை வேணுமோ? பக்கத்திலை படுக்கட்டும்!"

அவர் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட வருவதற்குள், துரையின் இங்கிலீஷ் கடிதத்தைப் பியூன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். நேசம்மா கான்வென்ட்டில் படித்தவள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பதைத் தவிர மற்றதெல்லாம் கற்றவள். பிரித்தாள்.

'நேற்று மாலை நமது விளக்கிலிருந்து போன சேதியில் அய்யாவு, பென் பிள்ளை, சுகம் என்று மூன்று பெயர்கள். எந்தப் பயணிகள் பட்டியலிலும் இவர்கள் இல்லை. யார் இவர்கள்? இன்றே விளக்கம் தராவிட்டால் வேலை நீக்கம்.'

"பென் பிள்ளை..." உரக்கப் படித்தாள். "பெண் பிள்ளை! சுகம்!"

படியேறி வந்த சிவசம்பு, அவள் கையில் கடிதத்தைக் கண்டு தலை குனிந்தார்.

"பியூனுக்கு முன்னாலை ஓமெண்டு சொல்ல ஏலுமோ, நேசம்?"

நேசம்மா பேனாவை எடுத்தாள். கான்வென்ட் கையெழுத்தில், அழகான இங்கிலீஷில் எழுதினாள்:

'ஐயா, அய்யாவு தகப்பன். பென் பிள்ளை நேற்றுக் காலை வந்து சேர்ந்தவர், எடை ஆறு றாத்தல். சுகம் என்பது ஆள் அல்ல, தாயும் பிள்ளையும் இருக்கிற நிலை. அனுப்பியவன் நானே.'

"வேலை போனால் போகட்டும்" என்று தாளை நீட்டினாள். "குனியாமல் கையெழுத்தைப் போடுங்கோ!"