கறை இல்லாத விரிப்பு

"சிஸ்டர், ஆபரேஷனைப் பாதியில நிறுத்திட்டாங்களா?"

தியேட்டர் வாசலில் மூச்சிரைக்க நின்றார் ஆஸ்பத்திரியின் சலவைக்காரர். கையில் ஒரு பச்சை விரிப்பு. சற்று முன்தான் உள்ளேயிருந்து சலவைக்கூடத்துக்கு மூட்டை வந்திருந்தது. அதைப் பிரித்ததுமே மேலிருந்த விரிப்பை உருவிக்கொண்டு ஓடிவந்திருந்தார்.

நர்ஸ் புரியாமல் பார்த்தாள். அவர் விரிப்பை விரித்துக் காட்டினார். ஓரத்தில் இரண்டு மூன்று பொட்டு ரத்தம், அவ்வளவுதான்.

முகத்தில் கத்தி வைத்தால் துணி என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? அழகுக்காகத் தோலை இழுத்துத் தைக்கும் ஆபரேஷன் என்றால் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தொட்டியை மாற்றி மாற்றி அலசியே தோள்பட்டை கழன்றுவிடும். ஆபரேஷன் எப்படிப் போனது என்பதை மூட்டையைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

இன்று உள்ளே இருப்பதோ அவருடைய ஒரே மகள். முகத்தில் கத்தி என்ற பேச்சே வேண்டாம் என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அவள் பிடித்த பிடியை விடவில்லை. காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே போனாள். போகும்போது அவர் கையைப் பிடித்த விரல்கள் சில்லென்றிருந்தன.

"எதையும் மறைக்காதீங்க சிஸ்டர். என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணும் ஆகலண்ணே. இப்ப வெளிய வந்துடுவாங்க. ஆபரேஷன் முழுசா முடிஞ்சுது. ரத்தம் உறைஞ்சதும் உடம்பே அதைக் கரைக்கப் பாக்கும். அப்படிக் கரையவிடாம ஒரு மருந்து இருக்கு. கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே நரம்புல ஏத்திட்டோம். அதான் கசிவு இவ்வளவு கம்மி."

அவர் விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சின்னக் குப்பி மருந்து, பொங்கிவரும் ரத்தத்தைக் கைகட்டி நிற்க வைத்துவிட்டதா? இத்தனை வருஷமாகத் தன் தொட்டியிலிருந்து சிவப்பாய் ஓடிய தண்ணீரையெல்லாம் நினைத்தார். உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

கதவு திறந்தது. முதலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் முகமெல்லாம் கட்டோடு, நடுத்தர வயது அம்மாள் ஒருவர் மயக்கத்தில் கிடந்தார். பின்னாலேயே, கையுறையைக் கழற்றியபடி மகள் வந்தாள்.

"நான் தனியா செஞ்ச முதல் ஆபரேஷன்ப்பா," என்றாள் டாக்டர். "துணி எப்படி வந்துச்சு?"