யார் கடைசி?

மருந்துக் கடைச் சுவரோரம் தூலா நிற்கிறாள். அவளுடைய ஃபின்லாந்தில் வரிசை என்றால் கை நீளம் இடைவெளி விட்டு வாயைத் திறக்காமல் நிற்பது. ஸ்பெயினின் லா பால்மா தீவுக்கு வந்து மூன்று வாரமாகியும் அவளுக்கு அப்படித்தான் நிற்க வருகிறது. இங்கே வரிசையே கண்ணில் படவில்லை. பெஞ்சில் நான்கு பேர், எடை மெஷினில் சாய்ந்தபடி ஒருவர். கல்யாண வீடு போல ஒரே பேச்சு. வாழைக்கறை படிந்த சட்டையோடு ஒருவர் நுழைகிறார். "யாருப்பா கடைசி?" "நான்தான், வா, உக்காரு," என்று பெஞ்சில் விசிறியோடு இருப்பவள் கையைத் தூக்குகிறாள். ஸ்பானிஷ் தெரியாத தூலாவுக்கு அது வெறும் சத்தம். இப்படியே ஐந்து பேர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு முன்னால் போய், மருந்தும் வாங்கிப் போய்விட்டார்கள். அவள் கைக்குள் காலி மாத்திரை அட்டை நசுங்குகிறது. கண்ணாடிக்கு வெளியே, காரில், கணவன் எஸ்கோ வெளிறிய முகத்தோடு சாய்ந்திருக்கிறான். நேற்றோடு நெஞ்சுவலி மாத்திரை தீர்ந்துவிட்டது. ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கிவிடும். மணி ஒன்று இருபது.

அவளுக்கு இப்போதுதான் பிடிபடுகிறது: அந்தச் சத்தத்தைச் சொன்னால் ஒரு கை உயரும், அதற்கு அடுத்த இடம் நமக்கு. உதட்டுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள். "யாரு... கடைசி?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன.

"அடப் பாவமே, அப்ப இருந்தே நிக்கிறீங்களே!"

"சொல்லக் கூடாதாம்மா? போங்க, நீங்கதான் முதல்ல!"

கவுன்டரைக் காட்டி எல்லாக் கைகளும் ஒரேயடியாக உயர்கின்றன. தூலா ஒவ்வொரு கையாக எண்ணிவிட்டு, இத்தனை பேருக்கும் பிறகுதான் தன் முறை என்று தலையசைத்து, மறுபடி சுவரோரமாகப் போய் நிற்கிறாள்.