பட்டடையின் வயது

ஸ்காட்லாந்து எல்லையோரக் கொல்லுப்பட்டறையில், மண்டியிட்டு, இரும்புப் பட்டடையின் பக்கவாட்டில் பொறித்த எழுத்து வெள்ளையாகத் தெரிய மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான் முர்டோ.

“பழசுதானா?” என்றாள் ஊனா.

“ஒண்ணும் புரியல. மேல சதுர ஓட்டை மட்டும்தான் இருக்கு, சின்ன வட்ட ஓட்டை இல்ல. அப்படின்னா இருநூறு வருஷமாவது இருக்கும். ஆனா எழுத்து புதுசா இருக்கே!”

பட்டறைக்காரர் சுத்தியலை ஓங்கியபடியே நின்றார். “தம்பி, பின்னால ஆளுங்க காத்திருக்காங்க. அடிக்கவா, வேண்டாமா?”

“இருங்க! இது போலின்னா எல்லாமே போலியாயிடுமே!”

ஊனா சுத்தியலைப் பிடுங்கி ஓங்கி அடித்தாள். கணீரென்றது.

“கேட்டுதா? எந்திரிடா!” என்று தன் வெள்ளை கவுனில் பறந்து விழுந்த மாவைத் தட்டினாள்.

முர்டோ பட்டறைக்காரரை நிமிர்ந்து பார்த்தான். “இவ அடிச்சா செல்லுமா?”

“யார் அடிச்சா என்ன? இந்த ஊர்ல பட்டடையில அடி விழுந்தா கல்யாணம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், மாப்பிள்ளை!”