ஒழுகாத மதகு

ஏரி மதகின் இரும்புக் கதவுக்கு, தன் அடியில் தண்ணீர் ஒழுகுவது பெரிய வெட்கம். பாசன அதிகாரிகள் வந்த அன்று கிறீச்சிட்டு, அவர்களைக் குனிந்து பார்க்க வைத்தது. ரப்பர் வைத்து இறுக்கிவிட்டுப் போனார்கள். "இனி தண்ணீர் விடும் முறை வராமல் ஒரு சொட்டு போகாது" என்று கதவு நிமிர்ந்து நின்றது.

சில நாளில், வாய்க்கால் முடியும் கடைமடையிலிருந்து தவளை ஒன்று புழுதி அப்பிய உடம்போடு தத்தி வந்தது.

"அண்ணே, நம்ம வாய்க்காலுக்கு முறை கடைசியிலதான். அதுவரைக்கும் உங்க ஒழுகல்தான் எங்க உசிரு. கொஞ்சம் விடுங்கண்ணே."

கதவு உடம்பை நெளித்துப் பார்த்தது. ரப்பர் அசையவில்லை.

"பொறுத்துக்கோ தம்பி, முறை வந்ததும் நிறைய வரும்."

தவளை வந்த வழியே தத்தித் திரும்பியது.

முறை வந்தது. கதவைத் தூக்கினார்கள். வாய்க்கால் கரைபுரண்டது. கடைமடையிலிருந்து ஒரு குரலாவது கேட்காதா என்று கதவு காது கொடுத்தபடி தொங்கியது. தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது.