கொழும்புப் பாட்டா, பம்பாய்ப் பாட்டா

மேளம் நின்றதும் இரண்டு தாய்மாமன்களும் ஒரே நேரத்தில் மைக் செட் இருந்த அறையைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சங்கிலிமுத்து, விஸ்வநத்தத்திலிருந்து பம்பாய்க்குப் பட்டாசு லோடு ஓட்டுகிறவர். பெண்ணின் தாய்மாமன் கோட்டைச்சாமி, கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், திருத்தங்கலுக்குத் திரும்பியவர்.

ஆளுக்கொரு ரிக்கார்டு கொண்டுவந்திருந்தார்கள். இரண்டும் ஒரே அமெரிக்கப் பாட்டு.

விற்ற கடைக்காரர்கள் சொன்னபடி, நீளமான ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போகிற ஒருவன், வழியில் வருகிற ஊர்களையெல்லாம் பேர் சொல்லிப் பாடிக்கொண்டே போவானாம். அந்த நாட்டில் ஒரு பாட்டு பிடித்துப்போனால் ஆளாளுக்கு அதைப் பாடி ரிக்கார்டு போட்டுவிடுவார்களாம். பம்பாயில் வாங்கியது ஒருவர் பாடியது. கொழும்பில் வாங்கியது வேறொருவர் பாடியது.

இங்கிலீஷ் யாருக்கும் தெரியாது. இரண்டு வீட்டிலும் போட்டுக் கேட்க ரிக்கார்டுப் பெட்டியும் கிடையாது. வாங்கிய கடையில் ஒரு தடவை காதில் விழுந்ததோடு சரி. ஆனாலும் எது உசத்தி என்று நிச்சயதார்த்தப் பந்தியில் ஆரம்பித்த பேச்சு, கல்யாணத்தன்று வரப்புத் தகராறு மாதிரி முற்றிப்போயிருந்தது.

"எங்க பாட்டு கேட்ட பெறகுதான் நான் மாலையத் தொடுவேன்" என்று சொல்லிவிட்டார் சங்கிலிமுத்து. கோட்டைச்சாமியும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

தாய்மாமன் மாலை போடாமல் தாலி ஏறாது. முகூர்த்தமோ நழுவிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய் மூக்கம்மாள் வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

மைக் செட் ஒச்சப்பன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் பாட்டைப் போட்டான்.

கொழும்புப் பாட்டு. இளவட்டக் குரல். குழாய் ஸ்பீக்கரிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண் வீட்டார் விசிலடித்தார்கள். கோட்டைச்சாமி தானே பாடியதுபோல மீசையைத் தடவினார்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு பம்பாய்ப் பாட்டு.

அதே பாட்டுதான். ஆனால் இந்தக் குரல் தடித்த குரல். நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லும் நிதானமாக அசைந்து அசைந்து வந்தது. பந்தலே வாயைப் பிளந்தது. சங்கிலிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டீகளா? இவன்தான் லோடு ஏத்திட்டுப் போறவன். அம்புட்டுப் பட்டாசையும் பொறத்தால வச்சுக்கிட்டு எவனாச்சும் வெரசா ஓட்டுவானா? ஒவ்வொரு ஊரையும் அலுங்காமக் கடக்கான் பாருங்க!"

"அப்ப எங்காளு லோடு எறக்கிட்டு வீட்டுக்குத் திரும்புதான். அந்தச் சந்தோசம் ஒங்காளுக்கு வருமாய்யா?" என்றார் கோட்டைச்சாமி.

சங்கிலிமுத்து சிரித்துவிட்டார். லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்புகிற சந்தோஷம் அவரைவிட யாருக்குத் தெரியும்?

மாலைகள் விழுந்தன. தாலி ஏறியது.

ஆனாலும் பந்தியில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். தீர்ப்புச் சொல்ல மூக்கம்மாளைப் பிடித்தார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவள், அதுவும் சங்கிலிமுத்துவின் கூடப்பிறந்த அக்கா. அவள் என்ன சொல்வாள் என்று கேட்கவா வேண்டும்?

"பொண்ணு வீட்டுப் பாட்டுதான்" என்றாள் மூக்கம்மாள்.

சங்கிலிமுத்துவுக்குப் பாயசம் புரையேறியது. பெண்ணின் தாய் ஓடிவந்து மூக்கம்மாளைக் கட்டிக்கொண்டாள். சம்பந்தி என்றால் இப்படி வாய்க்க வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் மெச்சினார்கள். புதுப்பெண் சண்முகத்தாய் காலையிலிருந்து குனிந்திருந்த தலையை அப்போதுதான் நிமிர்த்தி, மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மூக்கம்மாளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அவள் ஒரு இலையில் சோறும் கறியும் அள்ளி வைத்துக்கொண்டு மைக் செட் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

"நீ நல்லாருப்பலே, ஒச்சப்பா."

மடியிலிருந்து பம்பாய் ரிக்கார்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அது பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு நெளிந்து கிடந்தது.

தம்பி அவளிடம் பத்திரமாகக் கொடுத்துவைத்திருந்தது அது; காலையில் தெளித்த பன்னீர் அதன் மேல் பட்டுவிட்டது. ஈரமான எதையும் மூக்கம்மாள் அப்படியே விட்டதில்லை. வெடியானாலும் திரியானாலும் ஈரம் கண்டால் களத்தில் பரப்புவதுதான் பட்டாசு ஆபீஸில் இத்தனை வருஷமும் அவள் செய்த வேலை. ரிக்கார்டையும் கொல்லைப்புறப் பாறையில் வைகாசி வெயிலுக்குக் காயப்போட்டிருந்தாள்.

"ஒண்ணையே எப்படிலே ரெண்டு ஆளாப் பாட வச்ச?"

ஒச்சப்பன் வாய் நிறையச் சோற்றோடு, இடது கையால் பெட்டியின் ஓரத்திலிருந்த சின்ன விசையைக் காட்டினான். பக்கத்தில் கோட்டைச்சாமியின் கொழும்பு ரிக்கார்டு இன்னும் பெட்டியின் மேலேயே இருந்தது.

"இத இங்கிட்டுத் தள்ளுனா வேகம் கொறையும், அக்கா. கொரலும் தடிச்சுரும்."

வெளியே சங்கிலிமுத்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே ஒச்சப்பா! எங்கக்கா கெடக்கா, விடு. எங்க பம்பாய்க்காரன இன்னொரு மட்டம் போடுலே!"

ஒச்சப்பன் கை கழுவ எழுந்தான். மூக்கம்மாள் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, தானே அந்த விசையைத் தள்ளினாள்.