பக்கத்து நட்டு

பழைய லாரியின் பின்சக்கரத்தில், பழைய நட்டு ஒன்றுக்குப் பக்கத்தில் புது நட்டு வந்து சேர்ந்தது. லாரி எப்போது வந்தாலும் டயர் கடை சவரிமுத்து புதுசைத்தான் ஸ்பானர் வைத்து இறுக்குவார். பழசைத் தொடுவதே இல்லை.

"மினுக்கினால் போதும், உடனே உபசாரம்!" என்று பழசு வயிறெரிந்தது. "நானும் லூசாகிறேன், பார்."

"வேண்டாம்ணே, சக்கரமே கழண்டுடும்!" என்று புதுசு கெஞ்சியது.

பழசு கேட்கவில்லை. நாலு ஊர் தாண்டுவதற்குள் சக்கரம் கடகடத்தது. டிரைவர் பயந்துபோய் மெதுவாகக் கடைக்கு ஓட்டி வந்தார்.

சவரிமுத்து பழசைக் கழற்றிப் பார்த்தார். மரை முழுக்கத் தேய்ந்திருந்தது.

"புதுசு மேல நம்பிக்கை இல்லாமத்தான் அதையே இறுக்கிட்டிருந்தேன். இது இருக்கிற தைரியத்துல இந்தப் பக்கம் திரும்பவே இல்லையே!" என்றபடி அதைப் பழைய இரும்புக் குவியலில் வீசினார்.